மருத்துவர் பதில்கள்: பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும் நுரையீரல் பூஞ்சையும்

சி.ஜி.டி. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் ‘கிரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ்’ ஒரு பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாடு. மேலை நாடுகளில் இரண்டு முதல் இரண்டரை லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் அரிய நோய் இது. சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் சமூகங்களில், இதன் சில வகைகள் கூடுதலாகவே தென்படுகின்றன. இந்நோய் உள்ள குழந்தைகளின் குடும்பத்தினர் பூஞ்சைத் தொற்றைப் பற்றி எழுதிய கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நான்கு வயதில் கழுத்தில் நெறி கட்டிச் சீழ் வைத்தது. பிறகு நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் ஆறு மாதம் டி.பி. மருந்து கொடுத்தார்கள். மறுபடியும் நிழல் வந்தபோது மீண்டும் அதே மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது வேறொரு மருத்துவமனையில் சி.ஜி.டி. என்று கண்டுபிடித்து, நுரையீரலில் ஊசி வழியாகச் சதை எடுத்துப் பரிசோதித்து, அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருப்பதாகச் சொல்கிறார்கள். வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, ஓடி விளையாடுகிறான். இவ்வளவு கடுமையான மருந்தை இன்னும் கொடுக்கத்தான் வேண்டுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். (ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: கட்டாயம் கொடுக்க வேண்டும், அம்மா. இருமல் நின்றதையும் குழந்தை ஓடியாடுவதையும் வைத்து முடிவு செய்ய முடியாத நோய் இது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு உதவும்.

நம் இரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியவுடன் ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்ஸைடு போன்ற வீரியமான பொருள்களை உண்டாக்கி, அவற்றின் உதவியால் கிருமியை அழிக்கின்றன. அந்தப் பொருள்களை உண்டாக்கும் நொதி, பல புரதங்கள் ஒன்றுகூடினால்தான் இயங்கும். அவற்றில் ஒன்றுக்கான மரபணு பழுதாகிவிட்டாலும் அணுக்கள் கிருமியைத் தேடிச் செல்லும், விழுங்கவும் செய்யும், ஆனால் கொல்ல முடியாது. கொல்ல முடியாத கிருமியைச் சுற்றி மேலும் மேலும் அணுக்கள் திரண்டு கட்டியாகின்றன. அஸ்பர்ஜில்லஸின் நுண்விதைகள் காற்றில் எங்கும் உள்ளவை. நாம் அனைவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம், நம் நுரையீரல் அவற்றை நமக்குத் தெரியாமலேயே ஒழித்துவிடுகிறது. உங்கள் மகனின் நுரையீரலால் அது முடியவில்லை. வளர்ப்பிலோ உணவிலோ நீங்கள் செய்த எந்தத் தவறும் இதற்குக் காரணம் இல்லை.

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோன குழந்தைகளுக்கு இதே பூஞ்சை வரும்போது, அது இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவிக் கடும் காய்ச்சலையும் சில வேளைகளில் சளியில் இரத்தத்தையும் உண்டாக்கும். சி.ஜி.டி. குழந்தைகளிடம் அது பெரும்பாலும் குழாய்களுக்குள் நுழைவதில்லை, கட்டிகளுக்குள் ஒடுங்கியபடி மெல்ல மெல்லப் பரவுகிறது. எனவே காய்ச்சலோ இருமலோ இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பூஞ்சை தற்செயலாகத் தெரியவரும் குழந்தைகள் பலர். கேலக்டோமேனன் என்ற இரத்தப் பரிசோதனையும் இவர்களுக்குப் பல நேரங்களில் பூஞ்சை இல்லை என்றே காட்டும், உள்ளே பூஞ்சை இருந்தபோதும். ஆகவே அந்த ஒரு முடிவைக் கொண்டு பூஞ்சை இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது. நிழல் தெரியும் இடத்திலிருந்து நேரடியாகச் சதையோ திரவமோ எடுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. உங்கள் மகனுக்கு அதைச் செய்த மருத்துவர்கள் மிக நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்.

டி.பி. என்று இருமுறை கருதப்பட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்து நெறி, நுரையீரல் நிழல், சதைப் பரிசோதனையில் கிரானுலோமா என்னும் சிறு கட்டிகள் ஆகியவை காசநோயிலும் உண்டு, சி.ஜி.டி.யிலும் உண்டு. நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் மருத்துவரின் எண்ணம் முதலில் அங்கே செல்வது இயல்பே. சி.ஜி.டி. குழந்தைகளுக்கு உண்மையான காசநோயும் வரலாம். ஆனால் கிருமி இருப்பதற்கான சான்று கிடைக்காமல் ஒரு குழந்தைக்கு இரண்டாம் முறையாக டி.பி. மருந்து எழுதும் நிலை வந்தால், அதற்கு முன் டி.எச்.ஆர். என்ற எளிய இரத்தப் பரிசோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லும் அந்தப் பொருள்களை உண்டாக்குகின்றனவா இல்லையா என்பதை அது நேரடியாகக் காட்டிவிடும். சில மில்லி இரத்தம் போதும், ஆனால் எடுத்த இரத்தம் பழையதாகாமல் ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும்.

டி.பி. மருந்துகளில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, வோரிகோனசோலின் அளவை இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அதன் விளைவு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடிக்கும். உங்கள் மகன் கடைசியாக என்றைக்கு அதைச் சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் தேதியுடன் சொல்லுங்கள்.

எந்த அஸ்பர்ஜில்லஸ் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு வருவது ஃப்யூமிகேட்டஸ் என்னும் இனம். நிடுலன்ஸ் என்றோர் இனமும் உண்டு, அது மற்றவர்களுக்கு அரிதாகவும் சி.ஜி.டி. குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க அளவிலும் வருவது. நுரையீரலில் தொடங்கி விலா எலும்பு, முதுகெலும்பு என்று அடுத்தடுத்த உறுப்புகளைத் துளைத்துச் செல்லும் இயல்பு அதற்கு உண்டு. ஆம்போடெரிசின் என்ற மற்றொரு பூஞ்சை மருந்து அதற்குப் பல நேரங்களில் போதிய பலன் தருவதில்லை. எலும்பில் புகுந்துவிட்டால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். மியூக்கர் வகைப் பூஞ்சையாக இருந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே வோரிகோனசோல் வேலை செய்யாது, ஆம்போடெரிசின்தான் முதல் மருந்து. பூஞ்சையின் பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்து இதிலிருந்து விளங்கும்.

எவ்வளவு காலம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுவாக அஸ்பர்ஜில்லஸ் நுரையீரல் தொற்றுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம் என்பது வழக்கம், ஆனால் சி.ஜி.டி. குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் பல மாதங்களாக நீளும். மீண்டும் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் நிழல் மறைந்தோ, வெறும் தழும்பாகச் சுருங்கி மாறாமல் நின்றோ இருப்பதைப் பார்த்த பிறகே முழு அளவு மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். அதன் பிறகும் தடுப்பு மருந்து தொடரும். ஒரு மாதத்தில் நிறுத்தினால் மீண்டும் தலைதூக்கும் பூஞ்சையை அடக்குவது முதல்முறையைவிடக் கடினம்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு வோரிகோனசோல் கொடுத்து வருகிறோம். மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். மாதிரியை வெளியூருக்கு அனுப்புவதால் செலவும் கூடுகிறது. மாத்திரை போட்ட பிறகு சற்று நேரம் கண் கூசுகிறது, வெளிச்சம் வேறு நிறமாகத் தெரிகிறது என்கிறாள். முகம் கறுத்துவருகிறது. எடைக்கு ஏற்ற அளவைத்தானே எழுதித் தருகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை? (ஒரு தந்தை, ஈரோடு மாவட்டம்)

பதில்: இந்த மருந்துக்கு எடைக் கணக்கு மட்டும் போதாது. குழந்தைகளின் கல்லீரல் வோரிகோனசோலைப் பெரியவர்களைவிட வேகமாகச் சிதைத்துவிடுகிறது. அதனால்தான் பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்று ஊசி வழியாகத் தொடரும் மருந்தை, 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல், இதைச் சிதைக்கும் நொதியின் வேகம் மரபுவழியாகவே ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஒரே வயதும் ஒரே எடையும் உள்ள இரண்டு குழந்தைகளில் ஒருத்திக்கு மருந்து பூஞ்சையைத் தொடும் அளவுக்குக்கூட எட்டாமலும், இன்னொருத்திக்கு நஞ்சாகும் அளவுக்கு மீறியும் போகக்கூடும். அடுத்த வேளை மருந்து கொடுப்பதற்குச் சற்று முன் எடுத்த இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது. தொடங்கிய முதல் வாரத்திலும், அளவை மாற்றும்போதும், புதிய மருந்தொன்று சேரும்போதும், பக்கவிளைவு தெரியும்போதும் பார்ப்பது அவசியம். இந்தச் செலவு உங்களுக்குச் சுமை என்பதை உணர்கிறேன். ஆனாலும் இத்தனை விலை உயர்ந்த மருந்தை, அது வேலை செய்கிறதா என்று அறியாமலே மாதக்கணக்கில் கொடுப்பது அதைவிடப் பெரிய இழப்பு. வேறெந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். இரத்தம் எடுத்த நேரத்தையும் கடைசியாக மருந்து கொடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வரும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. மருந்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ கொடுங்கள்.

கண் கூச்சமும் நிற மாற்றமும் இந்த மருந்தில் அடிக்கடி காணப்படுபவை. மருந்து போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் பொதுவாகச் சரியாகிவிடும். இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னால் அது மருந்து மிகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம் கறுப்பதை அலட்சியம் செய்ய வேண்டாம். வோரிகோனசோல் தோலை வெயிலுக்கு மிக எளிதில் பாதிக்கப்படுவதாக ஆக்கிவிடும், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்குத் தோல் புற்றுநோய்கூட வந்துள்ளது. முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, சன்ஸ்கிரீன் ஆகியவை தேவை. பள்ளியில் காலை வழிபாட்டையும் விளையாட்டு வகுப்பையும் நிழலில் வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் கடிதம் கொடுங்கள். தொல்லை தொடர்ந்தால் போசகோனசோல் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. அமெரிக்காவில் ஐசவுகோனசோலும் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2023 டிசம்பரில் அனுமதிக்கப்பட்டது. மாற்றும் முடிவு மருத்துவருடையது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாடுகளும் வைக்கோல் போரும் எருக்குழியும் உண்டு. சி.ஜி.டி. உள்ள பேரனைப் பள்ளி விடுமுறைக்குக்கூட அனுப்ப மறுக்கிறாள் மகள். மண்ணில் விளையாடித்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்? (ஒரு தாத்தா, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: உங்கள் ஏக்கம் புரிகிறது, ஐயா. ஆனால் உங்கள் மகள் செய்வதே சரி. ஈரம் பட்ட வைக்கோல், மக்கிய இலைதழை, தொழு உரம், மண்புழு உரம், தென்னை நார்த்தூள், பூஞ்சை பிடித்த தவிடும் தானியமும் ஆகியவற்றைக் கிளறும்போது, பூஞ்சையின் நுண்விதைகள் கோடிக்கணக்கில் காற்றில் எழும்பும். சாதாரண மூச்சில் போகும் அளவுக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. மக்கிய தழையைக் கிளறிய பத்து நாளுக்குள் சி.ஜி.டி. நோயாளிகளுக்குக் கடும் மூச்சுத் திணறலும் காய்ச்சலும் வந்து, இரண்டு நுரையீரலிலும் நிழல் பரவி, ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படுவது மருத்துவ இலக்கியத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. நான் முதலில் சொன்ன மெல்ல வளரும் வடிவத்துக்கு நேர்மாறான வடிவம் இது. சாதாரண நிமோனியா என்று நினைத்துப் பாக்டீரியாவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் குழந்தை பிழைப்பது கடினம். பூஞ்சைக்கான மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏனெனில் அங்கே நுரையீரலைச் சேதப்படுத்துவதில் பூஞ்சைக்கு உள்ள பங்கு, அடங்காத அழற்சிக்கும் உண்டு. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டா என்று உறவினர்கள் பதறலாம். இந்த ஓர் இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து.

பேரனைப் பார்க்க நீங்கள் அவன் வீட்டுக்குச் செல்லுங்கள். அவனை அழைத்துவந்தே ஆக வேண்டுமென்றால் போர் பிரிக்கும் நாளிலும், எரு வாரும் நாளிலும், பழைய சுவர் இடிக்கும் நாளிலும் அழைக்காதீர்கள், தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள். முகக்கவசம் மாட்டிவிட்டால் போதும் என்று நம்பவும் வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. நோய் தெரிந்த நாளிலிருந்து தினமும் கோ-ட்ரைமாக்ஸசோலும் இட்ராகோனசோலும் சாப்பிடுகிறான். ஓராண்டாக ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல உடம்புக்கு எதற்கு மருந்து என்று நினைத்துச் சில நாள்கள் விட்டுவிடுகிறோம். தவறா? (ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: ஓராண்டாகத் தொந்தரவு இல்லாததற்கு, பாக்டீரியாவைத் தடுக்கும் கோ-ட்ரைமாக்ஸசோலும் பூஞ்சையைத் தடுக்கும் இட்ராகோனசோலும் ஒரு காரணம் என்று எண்ணிப் பாருங்கள். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சி.ஜி.டி. உள்ள 39 பேருக்கு ஓராண்டு இட்ராகோனசோலும் மறு ஆண்டு மருந்தில்லா மாத்திரையும் என மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லா மாத்திரைக் காலத்தில் 7 பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று வந்தது. இட்ராகோனசோல் காலத்தில் வந்தது ஒருவருக்கு மட்டுமே, அவரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர். 368 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கப் பதிவேட்டில் நிமோனியாவுக்கும் மரணத்துக்கும் முன்னணிக் காரணமாக இருந்தது அஸ்பர்ஜில்லஸ்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று நான் வற்புறுத்துவது ஏன் என்று புரியும்.

இட்ராகோனசோல் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே கொடுக்க வேண்டும், அது கரைவதற்கு வயிற்று அமிலம் தேவை. திரவ மருந்தாக இருந்தால் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். வயிற்றெரிச்சல் என்று யாரேனும் அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் எழுதித் தந்தால், கேப்ஸ்யூலின் பலன் பெரிதும் குறைந்துவிடும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனையைக் குழந்தை மருத்துவர் குறித்துத் தரும் இடைவெளியில் செய்துவாருங்கள்.

கேள்வி: நுரையீரலில் பூஞ்சை இன்னும் முழுவதும் ஆறவில்லை. அதற்குள் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். பூஞ்சை இருக்கும்போது செய்யலாமா? எங்களைப் போன்றவர்களால் இவ்வளவு பணத்துக்கு என்ன செய்ய முடியும்? (ஒரு தந்தை, கடலூர் மாவட்டம்)

பதில்: 1957-இல் அமெரிக்காவின் மினசோட்டா மருத்துவர்கள் இந்த நோயை முதன்முதலில் விரிவாக விவரித்தபோது, உயிரைப் பறிக்கும் குழந்தைப் பருவ நோய் என்ற பொருளிலேயே அதற்குப் பெயரிட்டார்கள். இன்று தடுப்பு மருந்துகளால் பெரும்பாலான குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆனால் மருந்துகள் தொற்றைத் தள்ளிவைக்கின்றனவே தவிர, வெள்ளை அணுக்களின் குறையை நீக்குவதில்லை. அதை நீக்கக்கூடியது, அந்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜையையே மாற்றும் மஜ்ஜை மாற்று. 2014-இல் வெளியான, பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், பழைய மஜ்ஜையை அகற்றக் கொடுக்கும் முன்தயாரிப்பு மருந்துகளை மென்மையாக்கி மாற்றுச் சிகிச்சை பெற்ற 56 பேரில் 52 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பலர் ஆறாத தொற்றோ கடும் அழற்சியோ கொண்ட, ஆபத்து மிகுந்த நோயாளிகள். ஆகவே பூஞ்சை முற்றிலும் மறையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும் என்ற விதி இன்று இல்லை. மருந்தால் அதை எவ்வளவு கட்டுப்படுத்த முடியுமோ அவ்வளவு கட்டுப்படுத்தி, மாற்று நடக்கும் காலம் முழுவதும் அந்த மருந்தைத் தொடர்ந்தபடியே செய்வார்கள். மருந்துக்கு அடங்கவே அடங்காத பூஞ்சைக்குப் புதிய வெள்ளை அணுக்களே கடைசிச் சிகிச்சை என்ற நிலையும் உண்டு. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தினாலும் அவருக்கு அதே நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே எடுக்க வேண்டும்.

ஆபத்தில்லாத சிகிச்சை என்று இதைச் சொல்ல மாட்டேன். இத்தகைய நோய்களில் அனுபவமுள்ள மையத்தில், குழந்தையின் நுரையீரலும் கல்லீரலும் மேலும் பழுதாவதற்கு முன் செய்துகொள்வதே நல்லது என்று சொல்வேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடந்துவருகிறது. செலவைப் பொறுத்தவரை, மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில், ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகக்கூடிய முதல் பிரிவில் சி.ஜி.டி.யும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையங்களில் ஒன்று. பணம் இல்லை என்று பேச்சையே தவிர்க்காமல், குழந்தையின் டி.எச்.ஆர். முடிவு, மரபணுப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே முதலில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: என் அக்கா மகன் சி.ஜி.டி.யால் சிகிச்சையில் இருக்கிறான். நான் இப்போது ஏழு மாதக் கர்ப்பம். என் குழந்தைக்கும் வருமா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: உங்கள் அக்கா மகனுக்கு வந்திருப்பது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையா என்று முதலில் கேட்டறியுங்கள். ஆம் என்றால், அக்காவைப் போல நீங்களும் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். சுமக்கும் பெண்ணுக்கு டி.எச்.ஆர். பரிசோதனையில் வேலை செய்யும் அணுக்கள், செய்யாத அணுக்கள் என்று இரு கூட்டங்கள் பெரும்பாலும் தனித்தனியே தெரியும், ஆகவே நீங்கள் இப்போதே அதைச் செய்துகொள்ளலாம். நீங்கள் சுமப்பவராக இருந்தால் பிறக்கும் ஆண் குழந்தைக்கு நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மற்ற வகையாக இருந்தால் தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். நீங்கள் உறவுக்குள் திருமணம் செய்தவரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்படி இருந்தாலும் ஒன்றைப் பிரசவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடுவது வழக்கம். அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்பதால், சி.ஜி.டி. குழந்தைகளுக்கு அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைப்பது முதல் உடல் முழுவதும் பரவுவது வரை தீங்கு நேரலாம். குழந்தையின் டி.எச்.ஆர். முடிவு வரும்வரை பி.சி.ஜி. போட வேண்டாம் என்று மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் எழுதி வாங்கி, கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பிரசவ அறைச் செவிலியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மைத் தடுப்பூசியும் சி.ஜி.டி.க்குத் தடை இல்லாதவை, அவற்றை உரிய நாளில் போட்டுக்கொள்ளலாம். முடிவில் நோய் இல்லை என்று தெரிந்தால், பி.சி.ஜி.யையும் தாமதமின்றிப் போட்டுவிடுங்கள்.